கையால் அடித்த செஃப் கத்திக்கு மரக் கைப்பிடி: கட்டை தேர்வு முதல் கடைசி எண்ணெய்ப் பூச்சு வரை

கேள்வி: கையால் அடித்த 210 மி.மீ. செஃப் கத்தியின் பிளேடு மட்டும் வாங்கியிருக்கிறேன். ஹை கார்பன் எஃகு, பதம் ஏற்றி முடித்தது. வால் பகுதி கைப்பிடி முழுக்க ஓடும் ஃபுல் டாங். அதில் 5 மி.மீ. துளை மூன்று இருக்கிறது. நல்ல ரேகையுள்ள மரத்தில் நானே கைப்பிடி போட விருப்பம். முன்பு வேறொரு கத்திக்குப் போட்ட பிடி ஆறே மாதத்தில் இரும்பை விட்டு விலகி, இடுக்கெல்லாம் கறுத்துவிட்டது. எந்த மரம் எடுப்பது? ரெசின் ஏற்றிய மரம் அவசியமா? ஆணி அடித்தால் போதாதா?

பதில்:

முதலில் அந்தப் பழைய பிடி ஏன் விலகியது என்று பார்த்துவிடுவோம். அது தெரிந்தால் மூன்று கேள்விக்கும் பாதி விடை வந்துவிடும்.

மரம் காற்றிலுள்ள ஈரத்தை வாங்கிக்கொண்டும் விட்டுக்கொண்டும் இருக்கும். நார் ஓடும் திசையில், அதாவது பிடியின் நீளவாக்கில், அது நீள்வதும் குறைவதும் கணக்கில் எடுக்கத் தேவையில்லாத அளவு. குறுக்கே அப்படியில்லை. 26 மி.மீ. உயரமுள்ள பிடியில் மரத்தின் ஈரம் 12 சதவீதத்திலிருந்து 7 சதவீதத்துக்கு இறங்கினால், மரத்தைப் பொறுத்து கால் மி.மீ. முதல் அரை மி.மீ.க்குச் சற்றுக் குறைவு வரை குறுக்கே சுருங்கப் பார்க்கும். நடுவிலிருக்கும் எஃகு அசையாது. அதனால்தான் வழவழவென்று இழைத்த பிடியில் சில மாதம் கழித்து டாங்கின் விளிம்பு விரலில் தட்டுகிறது.

அதோடு இன்னொன்று. மரத்துண்டின் உள்முகம் பசையால் மூடப்பட்டிருக்கிறது, வெளிமுகம் திறந்திருக்கிறது. கழுவும்போது வெளிப்பக்கம் மட்டும் நீரைக் குடித்து உப்பும். காயும்போது அந்தப் பக்கம் மட்டும் சுருங்கும். துண்டு வெளிப்பக்கமாகக் குழிந்து வளையப் பார்க்கும், ஓரங்களில் பசையைப் பிய்க்கும். மயிரிழை அளவு இடுக்கு விழுந்தால் போதும், நீர் தானாக உள்ளே ஏறிவிடும். மரத்திலுள்ள டானின் என்ற துவர்ப்புப் பொருளும் ஈரமான இரும்பும் சேர்ந்தால் கருமை பிடிக்கும். கடுக்காயையும் இரும்பு உப்பையும் சேர்த்து எழுத்து மை காய்ச்சியது இதே வேதியியலால்தான். நீங்கள் பார்த்த கறுப்பு பெரும்பாலும் அதுதான். மரம் அழுகியது என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

ஆக, மரத்தின் அழகைப் பற்றி யோசிப்பதற்கு முன் அது எவ்வளவு காய்ந்திருக்கிறது, எந்தப் பக்கமாக அறுக்கப்பட்டிருக்கிறது, இரும்போடு சேரும் கோட்டில் நீர் நுழையுமா என்ற மூன்றையும் பார்க்க வேண்டும். பழைய பிடி இந்த மூன்றில் ஏதோ ஒன்றில் தோற்றிருக்கிறது.

மரம்

வைரம் பாய்ந்த கட்டை மட்டும் எடுங்கள். ஓரத்து வெள்ளைக்கட்டை நீரை அதிகம் குடிக்கும், பூச்சி பிடிக்கும். ஈட்டியிலோ கருங்காலியிலோ கறுப்பும் வெள்ளையும் கலந்து வரும் துண்டு பார்க்க அழகாகத்தான் இருக்கும். ஆனால் இரண்டு பகுதியும் ஒரே அளவில் சுருங்காது.

எண்ணெய்ப் பசையுள்ள அடர்த்தியான மரங்கள், அதாவது ஈட்டி, அதன் இனத்தைச் சேர்ந்த கோகோபோலோ போன்றவை, எதுவும் ஏற்றாமலே கத்திக்குத் தாங்கும். தேக்கு மிகக் குறைவாகவே அசையும், அதாவது சுருங்கி விரியும்; எடையும் குறைவு. ஆனால் அதில் மணல் போன்ற சிலிக்கா துகள் உண்டு, உளியும் வாளும் சீக்கிரம் மழுங்கும். கருங்காலி பளபளப்பில் முதலிடம். ஆனால் உள்ளுக்குள் காய மிக நீண்ட காலம் எடுக்கும். அவசரப்பட்டு எடுத்தால் முனையிலிருந்து மயிரிழை வெடிப்பு ஓடும். வால்நட் இழைக்க இதமானது, ரேகை அடக்கமானது; முதல் பிடிக்கு நான் கைகாட்டுவது அதைத்தான். ஈட்டி இனத்து மரங்கள் எல்லாமே 2017 முதல், அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் இருக்கின்றன; பிரேசில் ஈட்டி மட்டும் இன்னும் கடுமையான முதல் பட்டியலில். முடித்த கத்தியை வெளிநாட்டுக்கு அனுப்பவோ கொண்டுபோகவோ எண்ணமிருந்தால் அதன் விதிகளை முன்பே பார்த்துக்கொள்ளுங்கள்.

அலங்கார மரம் என்று விற்பவற்றில் பெரும்பகுதி பர்ல், அதாவது மரத்தில் முண்டுமுண்டாகப் புடைத்த பகுதியிலிருந்து அறுத்தது. இன்னொரு வகை, பூஞ்சை ஓடி கறுப்புக் கோடு விழுந்த கட்டை. கண்ணைப் பறிக்கும் ரேகைக்குக் காரணமே நார் நேராக ஓடாததுதான். பலவீனத்துக்கும் அதுவே காரணம். முண்டில் நார் எல்லாத் திசையிலும் சுழல்வதால் இது இப்படித்தான் சுருங்கும் என்று சொல்ல முடியாது. பூஞ்சை ஓடிய கட்டையில் சில இடம் நகத்தால் அழுத்தினாலே பதியும் அளவு மென்மையாக இருக்கும். இந்த இரண்டு வகைக்கும் ரெசின் ஏற்றுவது அவசியம். நேர் நாருள்ள ஈட்டிக்கும் தேக்குக்கும் தேவையில்லை. எண்ணெய்ப் பசை உள்ள மரத்தில் ரெசின் சரியாக ஏறுவதுமில்லை.

ரெசின் ஏற்றுவது என்றால், நன்றாகக் காய்ந்த கட்டையை மெல்லிய ரெசினில் மூழ்கடித்து, வெற்றிட பம்பால் உள்ளிருக்கும் காற்றை இழுத்து, அந்த இடத்தில் ரெசின் புகுந்தபின் சுமார் 90 டிகிரி செல்சியஸில் சுட்டு இறுக வைப்பது. கட்டையில் ஈரம் கொஞ்சம் மிச்சமிருந்தாலும் அந்த இடத்தில் ரெசின் போகாது. அதனால் இதைச் செய்பவர்கள் கட்டையை அடுப்பில் 105 டிகிரியில் ஒரு நாள் வைத்து ஈரத்தை முழுக்க ஓட்டிவிட்டே தொடங்குவார்கள். விற்பவரிடம் வாங்குவதானால் துண்டின் நடுவை அறுத்துப் பார்க்க முடியாது. ஆனால் ஒரே அளவுள்ள நான்கைந்து துண்டுகளைத் தராசில் வைத்துப் பார்க்கலாம். ஒன்று மட்டும் இலேசாக இருந்தால் அதன் நடுவில் ரெசின் போய்ச் சேரவில்லை என்று சந்தேகிக்கலாம். ஒரு பேச்சு உலவுகிறது: ரெசின் ஏற்றிய மரம் நீரில் கிடந்தாலும் ஒன்றும் ஆகாது என்று. தவறு. ரெசின் மரத்தின் துளைகளை நிரப்புகிறது. அசைவைக் குறைக்கும், நிறுத்தாது.

ரெசின் ஏற்றாத கட்டை காய்ந்ததா என்று அறிய ஈரமானி இல்லாவிட்டாலும் வழி உண்டு. கைப்பிடி துண்டுகளைத் தேவைக்கு 2 மி.மீ. தடிப்பாக அறுத்து, கத்தி புழங்கப்போகும் வீட்டிலேயே காற்றோட்டமாக அடுக்கி வையுங்கள். 0.1 கிராம் காட்டும் தராசில் வாரம் ஒருமுறை எடை பாருங்கள். மூன்று வாரம் தொடர்ந்து எடை மாறாவிட்டால் அந்த வீட்டின் ஈரத்தோடு மரம் சமநிலைக்கு வந்துவிட்டது. அதற்குமுன் ஒட்டாதீர்கள். அறுத்த பிறகு துண்டு வளைந்தால் நல்லதே. பிடியில் ஒட்டிய பிறகு வளைய இருந்தது இப்போதே வளைந்துவிட்டது, இழைத்துச் சமமாக்கிக்கொள்ளலாம்.

அறுப்பின் திசை: துண்டின் முனையைப் பாருங்கள். ஆண்டு வளையக் கோடுகள் டாங்கின் முகத்துக்குச் செங்குத்தாக, துண்டின் தடிப்பின் குறுக்கே ஓடினால், பிடியின் உயரவாக்கில் அசைவு ஏறத்தாழ பாதியாகக் குறையும், வளைவும் குறையும். கோடுகள் டாங்குக்கு இணையாகப் படுத்திருந்தால் முகப்பில் மலைமுகடு போன்ற பெரிய ரேகை கிடைக்கும், அசைவும் கூடும். இதில் எதை விட்டுக்கொடுப்பது என்பது உங்கள் விருப்பம். வளையங்கள் படுத்த துண்டை எடுப்பதானால் ரெசின் ஏற்றியதாக எடுங்கள். இரண்டு பக்கத் துண்டும் ஒரே கட்டையை நடுவில் பிளந்து எடுத்தவையாக இருக்கட்டும். ரேகை இருபுறமும் கண்ணாடி பிம்பமாக அமையும் என்பது ஒரு லாபம். இரண்டும் ஒரே மாதிரி அசையும் என்பது அதைவிடப் பெரிய லாபம்.

அளவு: ஒவ்வொரு துண்டும் 130 மி.மீ. நீளம், 38 முதல் 40 மி.மீ. உயரம், 10 மி.மீ. தடிப்பு. டாங் 2.5 மி.மீ. என்றால் முடித்த பிடி நடுவில் சுமார் 20 மி.மீ. தடிப்பு வரும். செஃப் கத்தியை ஆள்காட்டி விரலும் கட்டைவிரலும் பிளேடின் அடியைக் கிள்ளிப் பிடித்துத்தான் ஓட்டுகிறோம். ஆகவே பிடியின் முன்பகுதி ஒடுக்கமாக, 16 அல்லது 17 மி.மீ. போதும். அந்த இடத்தில் பருமனாக விட்டால் என்ன அழகான மரமானாலும் அரை மணி நேரத்தில் விரல் வலிக்கும்.

எடையும் யோசிக்க வேண்டியது. ஃபுல் டாங் ஏற்கெனவே பின்பாரம் கூட்டும். கருங்காலியும் தடித்த பித்தளைக் காப்பும் சேர்த்தால் சமநிலைப் புள்ளி பிடிக்குள் போய்விடும். காய்கறி நறுக்கும்போது முனை எழும்பி நிற்பது போல இருக்கும். கிள்ளிப் பிடிக்கும் இடத்திலோ அதற்கு 10 முதல் 20 மி.மீ. முன்னாலோ கத்தி சமநிலையில் நின்றால் நல்லது. மரத்துண்டுகளை ரப்பர் பேண்டால் கட்டி ஒரு விரல்மேல் வைத்துப் பாருங்கள். பின்பாரம் அதிகமென்றால் டாங்கின் உட்பகுதியில் கூடுதல் துளைகள் போடலாம்: எடையும் குறையும், பசை ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் பாலம்போல் பிடிக்கவும் உதவும். பதம் ஏறிய எஃகில் சாதாரண டிரில் பிட் ஏறாது, கார்பைடு பிட் வேண்டும். அதை மெதுவாக, நிதானமான அழுத்தத்தில் ஓட்டுங்கள். கை நடுங்கினால் கார்பைடு ஒடிந்துவிடும்.

டாங்கும் துளையும்

வேலை தொடங்குமுன் பிளேடை அட்டை வைத்து, மேலே மாஸ்கிங் டேப் இரண்டு மூன்று சுற்று சுற்றிவிடுங்கள். கூர் இருந்தாலும் இல்லாவிட்டாலும் இதைத் தவிர்க்காதீர்கள். கைப்பிடி வேலையில் வெட்டுப்படுவது பெரும்பாலும் கத்தியைத் திருப்பிப் பிடிக்கும்போதுதான்.

கையால் அடித்த பிளேடின் டாங் சமமாக இருக்காது. தட்டையான கண்ணாடிமேல் 120 எண் உப்புத்தாளை ஒட்டி, டாங்கை அதன்மேல் நாலைந்து தடவை இழுத்தால் எங்கே மேடு, எங்கே பள்ளம் என்று பளபளப்பு காட்டிவிடும். ஓரம் சுற்றிலும் 4 மி.மீ. அகலத்துக்குச் சமமாக வந்தால் போதும். நடுவில் சற்றுப் பள்ளம் இருப்பது குறை இல்லை, வேண்டுமென்றே அப்படி விடுவார்கள்: ஓரம் இறுகிச் சேரும், நடுவில் பசை தங்கும். கொல்லுலைச் சூட்டில் படிந்த கறுப்புப் படலம் ஒட்டுமிடத்தில் எங்குமே இருக்கக் கூடாது. பசை அந்தப் படலத்தைப் பிடிக்கும், படலம் இரும்பை விட்டுக் கழன்றுவிடும். கடைசியாக 60 அல்லது 80 எண் தாளால் குறுக்கும் நெடுக்குமாகக் கீறிவிடுங்கள். ரெசினும் ஹார்ட்னரும் என்ற இரண்டு கூறுகளைக் கலந்து ஒட்டும் பசையான எப்பாக்ஸி பளபளப்பான இரும்பில் நிற்காது.

மரத்துக்கும் இரும்புக்கும் நடுவே 0.5 முதல் 0.8 மி.மீ. தடிப்புள்ள ஃபைபர் தாள் வைப்பதைப் பரிந்துரைப்பேன். மரத்துக்கும் டாங்குக்கும் நடுவே மெல்லிய கோடாகத் தெரிந்து அழகு சேர்க்கும். அசைவின் இழுப்பையும் கொஞ்சம் தாங்கிக்கொள்ளும். கண்ணாடியிழைத் தாளான ஜி10 இன்னும் உறுதி. ஆனால் அதன் தூள் நுரையீரலுக்குக் கெடுதல்.

துளையிடும் முறைதான் பலரும் தடுமாறும் இடம். முதல் துண்டை டாங்கோடு கிளாம்ப் போட்டு, டாங்கிலிருக்கும் துளை வழியாகவே மரத்தில் துளையுங்கள். முதல் துளை முடிந்ததும் அதில் ஒரு ஆணியைச் செருகிவிட்டு அடுத்த துளைக்குப் போங்கள். அப்போதுதான் துண்டு நகராது. பிறகு முதல் துண்டைக் கழற்றி வைத்துவிட்டு, இரண்டாம் துண்டை மறுபக்கம் கிளாம்ப் செய்து அதே போல. துளைக்கும் பக்கத்துக்குப் பின்னால் வீணான பலகை ஒன்றை அணைத்து வையுங்கள். இல்லாவிட்டால் பிட் வெளிவரும்போது நார் பிய்த்துக்கொண்டு வரும், அலங்கார மரத்தில் அந்தக் குழி நன்றாகத் தெரியும். கையில் பிடிக்கும் டிரிலால் இதைச் செங்குத்தாகச் செய்வது கடினம், நிலையான டிரில் பிரஸ் வேண்டும். ஒரு டிகிரி சாய்ந்தாலும் 20 மி.மீ. தடிப்பில் ஆணி மூன்றில் ஒரு பங்கு மி.மீ. விலகும், மூன்று ஆணியும் ஒன்றாக இறங்காது. இறங்க வைக்கிறேன் என்று சுத்தியலால் தட்டினால் துண்டு பிளக்கும்.

ஆணிக்கும் மரத்துளைக்கும் 0.1 மி.மீ. இடைவெளி போதும், விரலால் தள்ளினால் இறங்க வேண்டும். டாங் துளை கொஞ்சம் தளர்வாக இருந்தால் கெட்டுவிடாது. அதுவும் சரியாக 5 மி.மீ. என்றால் வைரத்தூள் பதித்த வட்ட அரத்தால் ஒரு மயிரளவு பெரிதாக்குங்கள்.

உங்கள் மூன்றாவது கேள்விக்கு இங்கே பதில். ஆணி மட்டும் போதாது. ஆணி துண்டு பக்கவாட்டில் வழுக்காமல் பிடிக்கும். மேலே தூக்கிப் பிரிய விடாமல் பிடிப்பதும் நீரை மறிப்பதும் பசையின் வேலை. ஆணியின் இரு தலையையும் சுத்தியலால் தட்டி விரித்தால் அது இறுக்கவும் செய்யும், உண்மை. ஆனால் விரியும் உலோகம் மரத்தை உள்ளிருந்து பிளக்கும். முண்டுக் கட்டையிலும் கருங்காலியிலும் அந்த வேலையில் இறங்க வேண்டாம். இறுக்கமும் வேண்டும் என்றால் திருகிச் சேரும் இரண்டு பாதி போல்ட் கிடைக்கும். அதற்குப் படி வைத்த துளை வேண்டும். பித்தளை, நிக்கல் சில்வர், துருப்பிடிக்காத எஃகு மூன்றும் ஆணிக்குச் சரி. ஆணியின் உடம்பையும் உப்புத்தாளால் கீறிவிட்டு ஒட்டுங்கள்.

முன் முனை: ஒட்டுவதற்கு முன்பே முடிக்க வேண்டியது

துண்டுகளின் முன் முனை, அதாவது பிளேடைப் பார்த்த பக்கம், ஒட்டிய பிறகு கைக்கு எட்டாது. அப்போது இழைக்கப் போனால் பிளேடில் கீறல் விழும். இரண்டு துண்டையும் ஆணிகளால் ஒன்றோடொன்று சேர்த்து, முன் முனையை ஒரேயடியாகச் சரிவாக்கி, வளைத்து, 600 எண் வரை தேய்த்து எண்ணெய் பூசி முடித்துவிடுங்கள். எண்ணெய் ஒட்டுமுகத்தில் படக் கூடாது. டாங்கோடு வைத்துப் பார்க்கும்போது இரண்டும் ஒரே கோட்டில் நிற்க வேண்டும். அரை மி.மீ. முன்பின் இருந்தாலும் மேலிருந்து பார்ப்பவர் கண்ணில் அதுதான் முதலில் படும்.

முதல் ஆணி முன் முனையிலிருந்து குறைந்தது 10 மி.மீ. உள்ளே இருக்கட்டும். உங்கள் டாங்கில் துளை முன்பே இருப்பதால், மரம் எங்கே தொடங்குவது என்பதை அந்தத் துளையை வைத்துத் தீர்மானியுங்கள்.

ஒட்டுதல்

ஐந்து நிமிட எப்பாக்ஸியை மறந்துவிடுங்கள். அது சூட்டிலும் ஈரத்திலும் முதலில் தளர்வது. மூன்று ஆணி, இரண்டு துண்டு, இரண்டு தாள் என்று சேர்த்து முடிப்பதற்குள் இறுகவும் தொடங்கிவிடும். 24 மணி நேரத்தில் இறுகும் வகை எடுங்கள்.

கலவை 12 முதல் 15 கிராம் தேவைப்படும். இவ்வளவு சிறிய அளவில் கண்மதிப்பு உதவாது. எடையால் அளப்பதானால் தயாரிப்பாளர் தந்திருக்கும் எடை விகிதத்தைப் பாருங்கள். கொள்ளளவில் 1:1 என்றிருப்பது எடையில் 1:1 ஆகாது. ரெசினும் ஹார்ட்னரும் ஒரே அடர்த்தி இல்லை. ஹார்ட்னரைக் கூட்டினால் வேகமாக இறுகும் என்று நினைத்துக் கூட்டுபவர்கள் உண்டு. கூட்டினாலும் குறைத்தாலும் பிசுபிசுப்பாகவே நின்றுவிடும். கோப்பையின் ஓரத்தையும் அடியையும் வழித்துவிட்டபடி முழுதாக இரண்டு நிமிடம் கலக்குங்கள்.

கலப்பதற்கு முன் எல்லா ஒட்டுமுகத்தையும் அசிட்டோனால் துடையுங்கள். ஈட்டி போன்ற எண்ணெய்ப் பசை மரத்தைத் துடைத்த உடனே ஒட்ட வேண்டும். மணிக்கணக்கில் விட்டால் எண்ணெய் மறுபடி மேலே கசிந்துவிடும். அதன்பின் ஒட்டுமுகத்தில் விரல் படக் கூடாது. முடித்து வைத்த முன் முனையிலும் அதையொட்டிய பிளேடிலும் மெல்லிய மெழுகு தடவுங்கள். வழிந்த பசை அங்கே ஒட்டாது. மெழுகு டாங்குக்குப் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டு முகத்திலும், ஆணியிலும், டாங் துளையிலும் பசை பூசுங்கள். சேர்த்ததும் சுற்றிலும் தொடர்ச்சியாகப் பசை பிதுங்க வேண்டும். ஓரிடத்தில் பிதுங்கவில்லை என்றால் அங்கே நீருக்கு வாசல் வைத்திருக்கிறீர்கள். பிரித்து மறுபடி பூசுங்கள். கிளாம்ப் மூன்று, கைப்பலத்துக்கு மட்டும். முறுக்கி இறுக்கினால் பசை முழுக்க வெளியேறி உள்ளே ஒன்றும் மிஞ்சாது. பிடி விலகுவதற்கு மிகச் சாதாரணமான காரணம் இது. பழைய பிடியைப் பிரித்துப் பார்க்க முடிந்தால் உள்முகத்தைக் கவனியுங்கள்: காய்ந்த மரம் மட்டும் தெரிந்தால் இதுதான் நடந்திருக்கிறது.

முன் முனையில் பிதுங்கிய பசையை அப்போதே துடைக்க வேண்டும். கூராக்கிய மூங்கில் குச்சியால் மூலையை வழித்து, பிறகு அசிட்டோனில் இலேசாக நனைத்த பஞ்சுக் குச்சியால் துடையுங்கள். சொட்டச் சொட்ட நனைத்தால் அசிட்டோன் இணைப்புக்குள் ஓடிப் பசையைக் கெடுக்கும். அரை மணி நேரம் கழித்து ஒருமுறை, ஒரு மணி நேரம் கழித்து ஒருமுறை மறுபடி பாருங்கள். மெதுவாக இன்னும் வழியும். பின்பு ஒரு நாள் தொடாமல் விடுங்கள். எப்பாக்ஸி முழு வலு பெற ஒரு வாரம் வரை ஆகும், அதுவரை கழுவ வேண்டாம்.

வடிவம்

முதலில் பக்கவாட்டு உருவம்: மரத்தை டாங்கின் கோட்டுக்கு 1 மி.மீ. விட்டு வாளால் அறுத்து, மீதியை 60 எண்ணில் டாங் தெரியும் வரை இறக்குங்கள். அடுத்து மேலிருந்து பார்க்கும் தடிப்பு: முன்னே 17, நடுவே 20, பின்னே 21 அல்லது 22. அதன்பின் நான்கு விளிம்பையும் 45 டிகிரியில் சரித்து, அந்தச் சரிவின் இரு ஓரத்தையும் மறுபடி சரித்து, கடைசியில் உருட்டுங்கள். நேரடியாக உருட்டத் தொடங்கினால் இடமும் வலமும் ஒன்றாக வராது. பென்சிலால் நடுக்கோடு போட்டு, அது அழிந்தால் திரும்பப் போட்டுக்கொண்டே வேலை செய்யுங்கள். அவ்வப்போது கையை சோப்பு நீரில் நனைத்துப் பிடித்துப் பாருங்கள். காய்ந்த கையில் பிடித்தமாக இருக்கும் வடிவம் ஈரக் கையில் வழுக்கும்.

பெல்ட் கிரைண்டரில் செய்தால் சூடு உங்கள் எதிரி. ஆணி உலோகம், மரத்தைவிட வேகமாகச் சூடேறும். முதலில் ஆணியைச் சுற்றி மரம் வளையமாகக் கருகும். அதற்கும் முன்பே உள்ளே பசை இளகியிருக்கும். பல எப்பாக்ஸி 60, 70 டிகிரியிலேயே தளரத் தொடங்கும். ஆணியின் மேல் விரலை வைத்து ஐந்து விநாடி பொறுக்க முடியாவிட்டால் நிறுத்துங்கள். நீரில் முக்கி ஆற்றாதீர்கள், காற்றில் ஆறட்டும். புதிய பெல்ட், குறைந்த வேகம், இலேசான கை. மழுங்கிய பெல்ட்டை மிச்சம் பிடிப்பதால் கெடும் பிடிகள் ஏராளம்.

120 எண்ணிலிருந்து கையால்தான். 180, 240, 320, 400 என்று ஏறுங்கள். ஒவ்வொரு எண்ணிலும் முந்தைய கீறல் முழுக்க மறைந்த பிறகே அடுத்தது. ஆணியும் டாங்கும் மரத்தைவிடக் கடினம் என்பதால், தாளை விரலால் அழுத்தித் தேய்த்தால் மரம் மட்டும் குழிந்து உலோகம் மேடாக நிற்கும். தாளுக்குப் பின்னால் கடினமான கட்டை வையுங்கள். வெளிர் நிற மரமானால் எஃகுத்தூளும் பித்தளைத்தூளும் துளைக்குள் புகுந்து சாம்பல் நிறமாக்கும். வேக்குவம் கிளீனரால் உறிஞ்சிக்கொண்டே செய்யுங்கள். நார் எழும்ப மரத்தை நீரால் நனைப்பது தச்சு வேலையில் வழக்கம். இங்கே அந்த நீர் எஃகுத்தூளோடு சேர்ந்து மறுநாள் கரும்புள்ளியாகிவிடும். ஐசோப்ரொபைல் ஆல்கஹால் தடவித் தூளைத் துடைத்தெடுங்கள், அது போதும்.

முகமூடி இல்லாமல் தேய்க்காதீர்கள். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை மரத்தூளை மனிதருக்குப் புற்றுநோய் தரும் பொருள் என்று 1995இல் வகைப்படுத்தியது. ஈட்டி இனத்துத் தூள் சிலருக்குத் தோலில் கடும் ஒவ்வாமையும் தரும். துணியைக் கட்டிக்கொள்வது எதையும் தடுக்காது; என்95 அல்லது அதற்கு மேல்.

பூச்சு

ரெசின் ஏற்றிய மரத்துக்கு எண்ணெய் வேண்டாம், ஏறாது. 800, 1000 வரை தேய்த்து, மெழுகு வைத்துத் துணிச் சக்கரத்தில் மெருகேற்றினால் முடிந்தது.

சாதாரண மரத்துக்கு உலரும் எண்ணெய்: டங் எண்ணெய் அல்லது ஆளிவிதை எண்ணெய். சமையல் எண்ணெய் உலராது. பிசுக்கேறி வாடை அடிக்கும். தாராளமாகத் தடவி, 15 நிமிடம் ஊறவிட்டு, மேலே ஒரு துளி இல்லாமல் துடைத்துவிடுங்கள். ஒரு நாள் இடைவெளியில் ஐந்தாறு முறை. துடைக்காமல் விட்ட எண்ணெய் தோல்போல் சுருங்கி நிற்கும், பிறகு அதைச் சுரண்டத்தான் வேண்டும். பின் முனையில் நார் வாய்கள் திறந்திருப்பதால் அங்கே குடிக்கும் வரை கொடுங்கள். எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டிப் போடாதீர்கள். ஆளிவிதை எண்ணெய் உலரும்போது சூடு பிறக்கும். சுருட்டிய துணி தானாகத் தீப்பிடிக்கும். வெளியில் விரித்துக் காயவையுங்கள், அல்லது நீரில் அமுக்கி வையுங்கள்.

ஈட்டி இனத்து மரத்தில் இந்த எண்ணெய்கள் வாரக்கணக்கில் பிசுபிசுவென்றே நிற்கலாம். அந்த மரத்திலேயே உள்ள சத்து, பூசிய எண்ணெய் காற்றோடு சேர்ந்து இறுகுவதைத் தடுக்கிறது. அங்கே எண்ணெயை விட்டுவிட்டு, 1000 எண் வரை தேய்த்து மெழுகு மட்டும் போடுங்கள், அதன் சொந்தப் பளபளப்பே போதும். பளிங்குபோல் மின்னும் சூப்பர் க்ளூ பூச்சு புகைப்படத்துக்கு நன்று. சமையலறையில் ஒருமுறை கீழே விழுந்தால் சில்லு பெயரும், அந்த இடத்தில் நீர் புகும்.

முழுதாக உலர மூன்று வாரம் கொடுத்துப் பிறகு பயன்படுத்துங்கள். கழுவியதும் துடைப்பது, தொட்டியில் ஊறப்போடாமல் இருப்பது, பாத்திரம் கழுவும் இயந்திரத்தில் வைக்காமல் இருப்பது: இந்த மூன்றில் கடைசியை ஒருமுறை மீறினாலே போதும், அங்குள்ள சூடும் நீரும் சேர்ந்து மேலே சொன்ன எல்லாக் கேட்டையும் ஒரே ஓட்டத்தில் செய்துவிடும். மரம் வெளிறித் தெரியும்போது அதே எண்ணெய் ஒரு கை.

மரத்துக்கும் டாங்குக்கும் நடுவே என்றாவது கருங்கோடு தென்பட்டால் காத்திருக்காதீர்கள். இரண்டு மூன்று நாள் நன்கு உலரவிட்டு, மிக மெல்லிய எப்பாக்ஸியை இடுக்கில் ஓடவிட்டு இலேசாகக் கிளாம்ப் செய்தால் நின்றுவிடும். இடுக்கில் காகிதம் நுழையும் அளவு வந்துவிட்டதென்றால் ஒட்டுப்போடுவது வீண். பிளேடை ஈரத்துணியால் சுற்றி, ஆணிகளைத் துளைத்தெடுத்துவிட்டு, டாங்கின் விளிம்பை ஹீட் கன்னால் 100 டிகிரி அளவுக்குச் சூடாக்கினால் பசை இளகும்; மெல்லிய பட்டைக்கத்தியை உள்ளே விட்டு நெம்பினால் துண்டு வந்துவிடும். ஹை கார்பன் சமையல் கத்தியின் பதம் வழக்கமாக 175 டிகிரிக்கு மேல்தான் இறக்கப்பட்டிருக்கும், அதனால் இந்தச் சூட்டில் கூர் கெடாது. டாங் நீலமாகவோ வைக்கோல் நிறமாகவோ மாறத் தொடங்கினால் அளவு மீறிவிட்டது, உடனே ஹீட் கன்னை விலக்கிவிடுங்கள்.